தலைக்கு மேலே ஆறு அடுக்கு

(ஆட்டோமொபைல் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவன்)



காரில் ஏறி உட்கார்ந்ததும் டேஷ்போர்டைப் பார்க்கிறோம். சீட்டைத் தடவிப் பார்க்கிறோம். ஏ.சி. வேலை செய்கிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிறோம். தலைக்கு மேலே இருக்கிற உட்கூரையை நிமிர்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நன்றாக இருக்கிறவரை அது யார் கண்ணிலும் படாது. துணி பிரிந்து தலையில் இடிக்கும்போதுதான் ‘அட, மேலே ஒண்ணு இருக்கே’ என்று ஞாபகம் வரும்.

எனக்கு அது சின்ன வயசிலிருந்தே பழக்கம். என் அப்பா ஆரணியில் ஒரு குஷன் ஒர்க்ஸில் வேலை பார்க்கிறார். சீட் கவர் தைப்பது, ரெக்சின் மாற்றுவது, ரூஃப் லைனிங் ஒட்டுவது என்று இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான். பேரவைச் செயலாளர் ‘மலருக்கு ஏதாவது எழுது’ என்றபோது, கவிதை எனக்கு வராது என்றேன். ‘தெரிஞ்சதை எழுது’ என்றார். எனக்குத் தெரிந்தது இந்தக் கூரைதான்.

அந்தக் கால அம்பாசடர், பியட் கார்களில் உட்கூரை ரொம்ப எளிமையானது. தகரத்துக்குக் கீழே வளைந்த கம்பிகளை மாட்டி, அவற்றில் துணியையோ ரெக்சினையோ தைத்து இழுத்துக் கட்டிவிடுவார்கள். கிழிந்தால் ஊசி நூல் இருக்கிற யாரும் சரி செய்யலாம். அப்பா தொழில் கற்றுக்கொண்டது அந்தக் கூரைகளில்தான்.

இப்போதைய கார்களில் அப்படி இல்லை. கூரை முழுவதும் ஒரே அட்டையாக, வளைவு நெளிவோடு வந்துவிடுகிறது. அந்த அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டாம் ஆண்டு இண்டஸ்ட்ரியல் விசிட்டில்தான் கண்ணால் பார்த்தேன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை. நடுவில் பாலியூரித்தேன் ஃபோம் தகடு. அதன் இரண்டு பக்கமும் பசை தெளித்து, மெல்லிய கண்ணாடி இழைப் பாய் ஒவ்வொன்று. முதுகுப் பக்கம் நெய்யாத துணி ஒன்று. நம் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மெல்லிய ஃபோம், அதன்மேல் பாலியஸ்டர் துணி. ஆக மொத்தம் ஆறு அடுக்கு! எல்லாவற்றையும் சூடான அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். சிறிது நேரத்தில் கூரை வடிவம் வெளியே வருகிறது. லைட், சன்வைசர் பொருத்துகிற ஓட்டைகளை வெட்டக் கத்தி இல்லை. தண்ணீரை ஊசி மாதிரி பீய்ச்சி வெட்டுகிறார்கள்.

இதில் இருக்கிற சூட்சுமம் நாம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் படித்ததுதான். ஒரு தகட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் எல்லாத் தடிமனையும் கனமான பொருளால் நிரப்பினால் எடை ஏறிவிடும். அதனால் வலுவான இழையை மேலும் கீழும் மட்டும் வைத்து, நடுவில் லேசான ஃபோமால் இடைவெளியை நிரப்புகிறார்கள். ஆப்பிள் வருகிற அட்டைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள், அதே வித்தைதான். இரண்டாம் உலகப் போரில் பறந்த இங்கிலாந்தின் மாஸ்கிட்டோ விமானமும் 1940-ல் இப்படித்தான் பிறந்தது. மெல்லிய பிளைவுட் இரண்டுக்கு நடுவே லேசான பால்சா மரம்!

ஒரு சதுர மீட்டர் கூரை அட்டை சுமார் ஒரு கிலோ எடைதான். ஆனாலும் தொங்காது, வளையாது, சத்தத்தை விழுங்கும், தகரத்தின் சூட்டைத் தடுக்கும். காரின் எடையைப் பத்து சதவீதம் குறைத்தால் ஆறு முதல் எட்டு சதவீதம் எரிபொருள் மிச்சம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குச் சொல்கிறது. கூரையில் குறைகிற எடை அதில் சிறு பங்குதான் என்றாலும், இப்படி ஒவ்வொரு பாகத்திலும் குறைத்தால்தான் மொத்தம் குறையும். கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு சலாம் போடத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அப்படியானால் என் வழக்கு என்ன? சேர்க்கத் தெரிந்தவர்கள், பிரிக்கப்போகிறவனை நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான்.

ஆறு அடுக்கையும் பசை ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. கார் பழசானால் என்ன ஆகும்? நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் காற்றே அறுபது டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டிலும் காற்றின் ஈரத்திலும் துணிக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய ஃபோம் மெல்ல மெல்ல உதிர்ந்து பொடியாகிறது. பிடிமானம் போய்த் துணி மட்டும் தொங்குகிறது. உள்ளே இருக்கிற அட்டைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் கம்பெனியில் கேட்டால் முழுக் கூரையும் மாற்றச் சொல்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டுகிறவர் அத்தனை ஆயிரத்துக்கு எங்கே போவார்? நேராக அப்பாவிடம்தான் வருவார்.

அப்பா அட்டையைக் கழற்றி, பழைய துணியை உரித்து, பொடியைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுத் துணி ஒட்டுவார். அன்றைக்கு ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருப்பார். ‘இந்த அட்டையில என்னா இருக்கோ தெரியலடா, கை நமநமன்னு அரிக்குது’ என்பார். அம்மா தேங்காய் எண்ணெய் தடவி விடுவாள். ரத்தத்தில் சூடு என்று சொல்லி நாட்டு மருந்தும் கொடுத்தாள். எத்தனையோ வருஷம் அப்படித்தான் போனது. அந்தத் தொழிற்சாலையில் கையுறை, முழுக்கைச் சட்டை, முகமூடி போட்ட தொழிலாளர்களைப் பார்த்து, ‘ஏன் சார் இது?’ என்று கேட்டேன். ‘கண்ணாடி இழைப்பா, தோலில் குத்தும்’ என்றார் சூப்பர்வைசர். எனக்கு அங்கேயே அப்பாவின் கை ஞாபகம் வந்துவிட்டது. ஒட்டுகிறவருக்குக் கையுறை உண்டு. உரிக்கிறவருக்கு அது கண்ணாடி என்று சொல்லக்கூட ஆளில்லை!

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். போன தீபாவளி லீவில் அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கடைக்குப் போனேன். ஒரு கார் வந்திருந்தது. அப்பா துணி ஒட்டி முடித்துவிட்டார். மறுபடி தொங்கக் கூடாது என்பதற்காகக் கதவுக்கு மேலே கூரை ஓரத்தை வரிசையாக ஸ்குரு போட்டு இறுக்கத் தயாரானார். பக்கத்துத் தூணின் பிளாஸ்டிக்கில் ஆங்கிலத்தில் ‘ஏர்பேக்’ என்று அச்சாகி இருந்தது. ‘அப்பா, நிறுத்துங்க’ என்றேன்.

பக்கவாட்டில் மோதினால் தலையைக் காப்பாற்றுகிற ஏர்பேக், திரை மாதிரி சுருட்டப்பட்டு அந்தக் கூரை ஓரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. மோதிய மாத்திரத்தில், கண் இமைப்பதற்குள், கூரை ஓரத்தை வளைத்துத் தள்ளிக்கொண்டு அது கீழே இறங்க வேண்டும். ஓரத்தை ஸ்குரு போட்டு இறுக்கினால் எப்படி இறங்கும்? அப்பாவிடம் விளக்கினேன். அவர் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘இதுவரைக்கும் எத்தினி வண்டிக்கு அடிச்சிருப்பேன் தம்பி?’ என்று கேட்டார். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அந்த ஏர்பேக் கிடையாது என்று சமாதானம் சொன்னேன். அது உண்மையும்கூட. ஆனாலும் அவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

தப்பு யாருடையது? வேலையில் சுத்தம் பார்த்த என் அப்பாவுடையதா? ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022-ல் மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. பிறகு அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் இன்று நடுத்தரக் குடும்பம் வாங்குகிற பல கார்களிலேயே ஆறு ஏர்பேக் வருகிறது. இந்தக் கார்களும் நாளைக்குப் பழசாகும், கூரை தொங்கும், குஷன் ஒர்க்ஸுக்கு வரும். அங்கே இருக்கிறவர்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

காரின் கடைசிக் காலத்தையும் பார்ப்போம். இரும்பை உருக்கலாம், அலுமினியத்தை உருக்கலாம். கண்ணாடி இழை, பாலியூரித்தேன், பாலியஸ்டர் மூன்றும் ஒட்டிப்போன அட்டையை என்ன செய்வது? அந்தத் தொழிற்சாலையின் பின்புறம் வெட்டிய துண்டுகள் மலை மாதிரி கிடந்தன. சன்ரூஃப் ஓட்டைக்காக வெட்டி எடுத்த ஒவ்வொரு துண்டும் ஒரு டீப்பாய் அகலம்! ஐரோப்பாவில் 2000-லேயே சட்டம் போட்டு, 2015-க்குள் பழைய காரின் எடையில் 95 சதவீதத்தை ஏதாவது ஒரு வகையில் மீட்க வேண்டும் என்றார்கள். நம் நாட்டிலும் பழைய வாகன விதிகள் 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்திருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் அதில் உற்பத்தியாளர்களுக்கான இலக்கு இரும்பின் எடையை வைத்துத்தான். தலைக்கு மேலே இருக்கிற ஆறு அடுக்கு அந்தக் கணக்கில் வரவில்லை.

சிலர் கேட்கலாம்: ‘டிப்ளமோ படிக்கிற பையன், உனக்கு எதற்கப்பா இந்தக் கவலை? டிசைன் பண்ணுகிறவர்கள் பெரிய இன்ஜினியர்கள்.’ உண்மைதான். ஆனால் நம்மில் பலர் நாளைக்கு அந்த அச்சுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவர்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா, சித்தப்பா, மாமா என்று உரிக்கிற பக்கம் இருக்கிறவர்கள். இரண்டு பக்கமும் தெரிந்தவன் நம்மைவிட வேறு யார்? அதனால் எனக்குத் தோன்றிய மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, எல்லா அடுக்கும் ஒரே இனமாக இருக்க வேண்டும். துணியும் பாலியஸ்டர், உள்ளே இருக்கிற அட்டையும் பாலியஸ்டர் இழை என்றால், பிரிக்காமலேயே மறுபடி பயன்படுத்த வழி உண்டு. இப்படிப்பட்ட கூரைகள் ஏற்கெனவே உலகத்தில் இருக்கின்றன. எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்பது என் கட்சி. கரையும் எரியும் சூட்டுக்கும் அது தாங்குமா என்று சோதிப்பது நம் வேலை.

இரண்டாவது, அட்டையின் முதுகில் படம் போட வேண்டும். பிளாஸ்டிக்கின் வகையை ஆங்கில எழுத்தில் குறிக்கிற வழக்கம் இருக்கிறது. அப்பாவுக்கு அது கோழி கிளறிய மாதிரி. கையுறை படம் ஒன்று, ‘இங்கே ஸ்குரு போடாதே’ என்று ஏர்பேக் படம் ஒன்று. அச்சில் இரண்டு கோடு கூடுதலாகப் போட என்ன செலவாகிவிடும்?

மூன்றாவது, நம் ஒர்க்ஷாப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் குஷன் ஒர்க்ஸ் தொழிலாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். ஊர் மக்களுக்குத் தொழில் சொல்லித் தருவதற்காகத்தானே 1978-79-ல் சமுதாய பாலிடெக்னிக் திட்டமே வந்தது? பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கூரையைத் தொடுவது எப்படி, ஏர்பேக் எங்கே இருக்கும், எங்கே பசை போடலாம், எங்கே போடக் கூடாது என்று சொல்லித் தர இரண்டு ஞாயிறு போதும். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. எந்தக் காரில் எத்தனை வருஷத்தில் ஃபோம் உதிர்கிறது என்று அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரியும். எந்தப் புத்தகத்தில் அது இருக்கிறது?

இந்த வருஷம் என் ஃபைனல் இயர் புராஜெக்டை சென்டரில் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை. மூன்று பேர் சேர்ந்து, பழைய கூரை அட்டைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கிறோம். அட்டை தருவது அப்பா. இப்போது அவர் கையுறை போட்டுக்கொள்கிறார். ‘கை அரிப்பு நின்னுடுச்சு, ஆனா துணி மடிப்பு தெரியமாட்டேங்குது’ என்று புகார் சொல்கிறார். அதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

நண்பர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறார்கள். அடுத்த முறை காரில் ஏறினால் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். அதை ஒட்டிய கையையும், உரிக்கப்போகிற கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் படிப்பு அந்த இரண்டு கைகளுக்கும் உதவட்டும்!