வடிகால் மூடியில் ஓடையின் பெயரை எழுதுவோம்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

ஆதம்பாக்கவாசி ஒருவரின் மடல் இது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

எங்கள் பகுதியில் பலருக்கு மழைநீர் வடிகாலுக்கும் பாதாளச் சாக்கடைக்கும் வேறுபாடு தெரியாது. வாசல் பெருக்கிய குப்பை வடிகாலின் கம்பி மூடிக்குள் தள்ளப்படுகிறது. தள்ளுவண்டிக் கடையின் பழைய எண்ணெயும் பெயின்ட் பிரஷ் கழுவிய தண்ணீரும் அதற்குள்தான் போகின்றன. வீடு கட்டும் இடத்தில் கலவைச் சட்டி கழுவிய சிமென்ட் தண்ணீரையும் அங்கேயே ஊற்றுகிறார்கள். அது உள்ளே இறுகிவிட்டால், தூர்வார வரும் தொழிலாளி கடப்பாரையால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். டயப்பரையும் உடைந்த கண்ணாடியையும் கையில் எடுப்பவரும் அவர்தான். அவரை நினைத்தாவது நாங்கள் மாற வேண்டும்.

கழிவுநீர் என்பது குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடைக் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது. மழைநீருக்கு நடுவில் எந்த நிலையமும் இல்லை. வடிகாலில் விழுந்தது அப்படியே வீராங்கல் ஓடைக்குப் போய், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற, பூநாரைகள் வந்திறங்கும் சதுப்பு நிலம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கடல். எங்கள் தெருவில் ஊற்றிய எண்ணெய்க்கு இவ்வளவு நீண்ட பயணம் இருப்பதை எங்களுக்கு யாரும் காட்டியதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. கனமழையில் தெருவில் தண்ணீர் நின்றால், யாராவது பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அவ்வளவு வெள்ளத்தை அந்தக் குழாய் தாங்காது. நிரம்பியதும் தாழ்வான தெருக்களில் வீட்டுக் கழிப்பறை வழியாகவே கழிவு மேலே பொங்கும்.

வடிகாலில் திருட்டுத்தனமாகக் கொடுத்த கழிவுநீர் இணைப்புகளைத் துண்டிப்பது அரசின் வேலை. அதைக் குடியிருப்போர் தலையில் கட்ட முடியாது. மற்றதில் பாதிக்கு மேல் எங்கள் கையில் இருக்கிறது. சருகைப் பெருக்கி எடுப்பதும், மணலையும் ஜல்லியையும் வடிகால் வாயருகே கொட்டாமல் பார்த்துக்கொள்வதும் பெரிய காரியமல்ல. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்புகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. அவற்றை ஐப்பசிக்கு முன் சுத்தம் செய்தால் மாடித் தண்ணீர் தெருவுக்கே வராமல் நிலத்தில் இறங்கும்.

நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு வடிகால் மூடியின் அருகிலும் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் நீர்நிலையின் பெயரை எழுத அனுமதி கொடுங்கள். எங்கள் தெருவில் 'இது மழைநீர், வீராங்கல் ஓடைக்குப் போகிறது' என்று இருந்தால் போதும். எந்தத் தெரு எந்த ஓடையில் வடிகிறது என்ற வரைபடத்தைப் பகுதி சபைக் கூட்டத்தில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். தூர்வாரிய வண்டலை வடிகால் ஓரத்திலேயே விட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும். அதை அன்றே அள்ளிச் செல்ல வண்டி வேண்டும்.

செப்டம்பருக்குள் அனுமதியும் வரைபடமும் கிடைத்தால், பெயின்ட் வாங்குவதையும் எழுதுவதையும் தெருக்காரர்களாகிய நாங்களே பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஆதம்பாக்கத்தில் குடியிருக்கும் ஒருவர்