வேலி அடைக்குமுன் எல்லையை அறிக



விதை, பசளை, நீர் என்பன பற்றி அடிக்கடி பேசுகிறோம். அவற்றாற் பெறும் பயிரைக் காக்கும் வேலியைப் பற்றிப் பேசுவது குறைவு. கட்டாக்காலி மாடுகளால் அழியும் பயிரிலும் வேலி வழக்குகளால் அழியும் பொருளே பெரிதென்பது எனது கருத்து.

முன்னர் கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை நட்டு, பனையோலையால் வேலி அடைத்தோம். ஒருவர் இப்புறமும் மற்றவர் அப்புறமும் நின்று குத்தூசியை மாறிமாறி வாங்கியே அவ்வேலை நடைபெற்றது. ஆதலின் அயலவர் அறியாமல் எல்லை நகர்வது அரிது. இன்றோ, அயற்காணிக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்க, ஒப்பந்தகாரர் சீமெந்துத் தூணும் முட்கம்பியும் கொண்டு ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடுகிறார். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல்லாண்டுகளின் பின் மீண்டோர் பலருக்குப் பழைய கதியாலும் அடையாளமாக எஞ்சவில்லை.

நான் அறிந்த கமக்காரர் ஒருவர் வேலையை ஒப்பந்தகாரரிடம் விட்டுத் தோட்டத்துக்குச் சென்றார். ஒப்பந்தகாரர் வளைந்து நின்ற பழைய கதியால் நிரையை விடுத்து, நூல்பிடித்து நேராகத் தூண்களை நட்டார். 100 அடி நீளத்தில் எல்லை ஓரடி விலகிற்று. இழந்த நிலம் 100 சதுர அடி. ஒரு பரப்பில் ஏறக்குறைய இருபத்தேழில் ஒரு பங்கு. அதன் பெறுமதியிலும் கூடிய பணம் வழக்கிற் செலவாயிற்று. இரு வீட்டாருக்கும் பங்குக் கிணறு ஒன்றே. இறைப்பு முறை குலைந்து, அவ்வாண்டு இரு தோட்டத்து வெங்காயமும் வாடின.

பிழையை ஒப்பந்தகாரர்மேற் சுமத்துதல் தகாது. காட்டிய இடத்தில் தூண் நடுவது அவர் தொழில். இடத்தைக் காட்டுவது நமது கடமை.

ஆகவே முதலில் உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். ஐயமுண்டாயின் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கல் நாட்டுங்கள். எந்தப் பக்க வேலி யாருக்குரியது என்பதை அயலவருடன் பேசி, இருவரும் கையொப்பமிட்டு எழுதி வையுங்கள். அதன் பின்னரே ஒப்பந்தகாரரை அழையுங்கள். தூண்களின் தொகை, இடைவெளி, குழியின் ஆழம், கம்பி நிரைகள், மூலைத் தூணுக்கு முட்டு, கூலி, முடிக்கும் நாள் ஆகியவற்றை எழுத்திற் பெறுங்கள். முழுப்பணத்தையும் முற்பணமாகக் கொடாதீர்கள். தெருவோரம் மதில் கட்டுவதாயின் பிரதேச சபையிடம் முன்னரே அனுமதி கேளுங்கள்.

பிழையான வேலியைக் கண்டும் வாளாவிருத்தல் ஆகாது. நீண்டகால ஆட்சியுரிமை பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் நிலமொன்றை இடையூறின்றி, உரியவருக்கு எதிரான உரிமையுடன் பத்தாண்டு ஆண்டால், அதற்கு உரித்துக் கோரலாம். ஆயினும் நீதிமன்றம் முதற்படி அன்று. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இணக்க சபையை முதலில் நாடுங்கள்.

தோட்டப் பக்கத்திலாயினும் உயிர்வேலியைக் கைவிடாதீர்கள். சீமெந்துத் தூண் குழை தருவதில்லை. கதியாலோ ஆண்டுதோறும் நிலத்திற் தாழ்க்கக் குழை தரும். அயலவர் இருவரும் ஒருங்கே நட்ட கதியாலாயின், அது நட்பையும் காக்கும்.