ஊராளப் பணமா தகுதி?

உழைத்துண்ணும் ஏழை ஊராளல் ஆகாதா?

தமிழகத்தில் 2019-ஆம் ஆண்டு நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளர்க்குச் செலவு மேல்வரம்பு 34,000 உருபா. ஊராட்சி உறுப்பினர்க்கு 9,000 உருபா. இவ் வரம்பு செல்வன் கையைக் கட்டுமேயன்றி, ஏழை கையில் ஒரு காசும் வையாது. ஊராட்சித் தேர்தலிற் கட்சிச் சின்னமும் இல்லை. கைப்பணம் இல்லான் கடன்பணத்தையே நாடுவான். கடன் தந்தவன் நாளை சாலைப் பணியையும் குளத்து மண்ணையும் கேட்பான்.

உத்திரமேரூர்க் குடவோலையைப் புகழ்வார் பலர். கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் விலக்கியது, அது கொள்ளத்தக்கது. ஆனால் கால் வேலி நிலமுடையார் பெயரையே குடத்திலிடச் சொன்னதும் அதுவே. வேதங் கற்றார்க்கு அதிற் பாதி போதுமாம்! அது பார்ப்பனர் ஊரவை. அன்று நிலமிலான் பெயர் குடத்துள் விழவில்லை. இன்று பணமிலான் பெயர் பட்டியலில் ஏறுவது அரிது.

அமெரிக்கச் சியாட்டில் நகர மக்கள் 2015-இல் ஒரு சட்டத்தை வாக்களித்து ஏற்றனர். அதன்படி 2017-இல், ஒருவர்க்கு 25 தாலர் மதிப்புள்ள நான்கு சீட்டுகள் வழங்கப்பெற்றன. விரும்பிய வேட்பாளர்க்கு அவற்றை அளிக்கலாம். பணம் நகரச் சொத்துவரியினின்று வரும்.

தமிழகம் அவ்வளவு செய்யாவிடினும், வேட்பாளர்க்குத் துண்டறிக்கையும் பொதுமேடையும் அரசே தருக. செலவுக் கணக்கை ஊரவையிற் படிக்கச் செய்க; வீடுதோறும் பணம் இறைத்தவனின் பொய்க்கணக்கை ஊரே அறியும். ஊராளக் கைப்பணம் தகுதியன்று, கைத்தூய்மையே தகுதி!