டானிபுரூக்: ஓர் ஊரின் பெயர் அடிதடியின் பெயரான கதை

ஆங்கிலத்தில் 'டானிபுரூக்' என்றொரு சொல் இருக்கிறது. பலர் கூடி, யார் யாரை அடிக்கிறார்கள் என்றே பிரித்துச் சொல்ல முடியாதபடி நடக்கும் அடிதடிக்கு அந்தப் பெயர். ஐஸ் ஹாக்கி வீரர்கள் ஆட்டத்துக்கு நடுவே கட்டிப் புரண்டால் அமெரிக்க, கனடா நாளேடுகள் இந்தச் சொல்லைப் போடும். அவையில் உறுப்பினர்கள் கூச்சலிட்டுக் கைகலந்தாலும் போடும். படிப்பவருக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் டானிபுரூக் என்பது ஓர் ஊர். அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் இன்றும் அந்தப் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. 1204இல் இங்கிலாந்து மன்னர் ஜான் கொடுத்த உரிமையின்பேரில் அங்கே ஆண்டுதோறும் ஒரு சந்தை கூடியது. ஆடு, மாடு, குதிரை, துணி என்று வணிகம் நடந்த இடம். காலப்போக்கில் குடியும் கூத்தும் சண்டையும் பெருகின. ஐரிஷ் கத்தோலிக்கக் குருமார்களும் மதுவிலக்கு இயக்கத்தவரும்கூட அந்தச் சந்தையை எதிர்த்தார்கள். கடைசியில் நிதி திரட்டி, சந்தை உரிமையையே விலைக்கு வாங்கி, 1855இல் அதை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். சந்தை போய்விட்டது, சொல் மட்டும் நின்றுவிட்டது.

'அங்கே உண்மையிலேயே சண்டை நடந்ததுதானே, பெயர் வந்ததில் என்ன தவறு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கான பதில் லண்டனில் இருக்கிறது.

லண்டன் ஸ்மித்ஃபீல்டில் பார்த்தலோமியூ சந்தை என்று ஒன்று 12ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவந்தது. அங்கேயும் இதே குடி, இதே கூத்து, இதே அடிதடி. ஒழுங்கு கெட்டுவிட்டது என்று நகர நிர்வாகம் அதையும் மூடியது. எந்த ஆண்டு தெரியுமா? அதே 1855. ஒரே ஆண்டில், ஏறக்குறைய ஒரே காரணத்துக்காக இரண்டு சந்தைகள் முடிவுக்கு வந்தன. ஆனால் இன்று யாரும் ஓர் அடிதடியை 'பார்த்தலோமியூ' என்று சொல்வதில்லை. லண்டன்காரர் குடித்துவிட்டு அடித்துக்கொண்டால் அது அன்றைய நாளின் ஒழுங்கீனம். டப்ளின்காரர் அதையே செய்தால் அது அவரது பிறவிக் குணம்!

வேறுபாடு சண்டையில் இல்லை. அகராதி யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது. அன்று அயர்லாந்தை ஆண்டது லண்டன். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் ஐரிஷ் மக்கள் மாண்டார்கள். அதே அளவு மக்கள் கப்பலேறிப் பிழைக்கப் போனார்கள். அடுத்த பதிற்றாண்டுகளில் லண்டனின் 'பஞ்ச்' இதழ் ஐரிஷ்காரரைக் குரங்கு முகத்தோடு வரைந்து விற்றது. 1898இல் லண்டன் பத்திரிகைகள் தெருச் சண்டைக்காரர்களுக்கு 'ஹூலிகன்' என்று பெயர் சூட்டின. அதுவும் ஓர் ஐரிஷ் குடும்பப் பெயரிலிருந்து வந்தது என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. நிலத்தையும் உணவையும் இழந்த மக்களை 'இவர்கள் சண்டைக்காரர்கள்' என்று சொல்லிவிட்டால், அவர்களை ஆள்பவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. அதே ஆங்கில மொழிதான் பறையர் என்ற மக்களின் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட வேண்டியவர்' என்ற பொருளில் 'பரையா' என்று உலகெங்கும் கொண்டுபோனது. இன்றும் ஒரு நாட்டை மற்ற நாடுகள் புறக்கணித்தால், 'பரையா நாடு' என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் இதழுக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தது, இழிவாக்கப்பட்ட பெயரை நிமிர்ந்து நின்று திரும்பக் கேட்ட செயல். வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர் சண்டாளர். அது நம் வீடுகளில், படங்களில், மேடைகளில் வசையாகவே புழங்குகிறது.

டானிபுரூக் என்ற சொல் செய்யும் இரண்டாவது வேலை இதைவிட ஆபத்தானது. எல்லோரும் எல்லோரையும் அடித்தார்கள் என்று அது சொல்கிறது. அடித்தவர், அடிபட்டவர் என்ற பிரிவே அதில் கிடையாது. ஆகவே குற்றவாளியும் கிடையாது.

நம் செய்திகளில் அந்த வேலையைச் செய்யும் சொல் 'மோதல்'. சேரிக்குள் ஒரு கூட்டம் அரிவாளோடு புகுந்து வீடுகளை உடைத்தாலும், மறுநாள் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்றுதான் தலைப்பு வரும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்த ஐந்து பேரும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் ஒரு தலித் உட்கார்ந்தார் என்பதற்காக நடந்த கொலை அது. இதில் எங்கே இருக்கிறது இரண்டு தரப்பு?

சொல் பத்திரிகையோடு நிற்பதில்லை, காவல் நிலையத்துக்கும் போகிறது. பொது இடத்தில் இருவரோ அதற்கு மேற்பட்டவரோ சண்டையிட்டு அமைதியைக் கெடுப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 159ஆவது பிரிவில் தனிக் குற்றமாக இருந்தது. தண்டனை ஒரு மாதச் சிறை, அல்லது 100 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 194ஆவது பிரிவு. அபராதம் மட்டும் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. இந்தப் பிரிவின் பார்வையில் இரு பக்கமும் குற்றவாளிகள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பார்வை வேறு. அங்கே சாதியின் பெயரால் தாக்கியவர் ஒருவர், தாக்கப்பட்டவர் ஒருவர். நடந்ததை 'மோதல்' என்று எழுதிவிட்டால், வன்கொடுமை வழக்கு சாதாரண அடிதடி வழக்காகச் சுருங்கும். கூடவே பாதிக்கப்பட்டவர்மீது எதிர் வழக்கு ஒன்றும் ஏறும். பிறகு 'நீ வாபஸ் வாங்கு, அவனையும் வாங்கச் சொல்கிறேன்' என்று சமரசம் பேசுவார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீது பொய் வழக்குப் போடுவதே வன்கொடுமை என்று அந்தச் சட்டத்தின் 3(1)(பி) பிரிவு சொல்கிறது. கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்க 4ஆவது பிரிவு இருக்கிறது. இந்த இரண்டையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை 'மோதல்' என்ற செய்தியைப் பகிர்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். யார் யாருடைய தெருவுக்குப் போனார்கள்? ஆயுதம் யார் கையில் இருந்தது? எரிந்தது யாருடைய வீடு? மருத்துவமனையில் கிடப்பது யார்? இந்த நான்குக்கும் பதில் ஒரே பக்கத்தைக் காட்டினால், அங்கே நடந்தது மோதல் அல்ல, தாக்குதல். தாக்குதல் என்றே எழுதுவோம். தாக்கியது யார் என்பதையும் சேர்த்தே எழுதுவோம்.