முட்டைக்கு மாற்று எது என்று கேட்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்ததை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை. மணப்பெண்ணின் தோழி ஒருத்தி வீகன். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடமாட்டாள். சமையல்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். பந்தியில் அவள் இலைக்கு வந்தது சாதம், நெய் விடாத பருப்பு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். மோர்க்குழம்பும் பால் பாயசமும் மைசூர்பாகும் அவளைத் தாண்டிப் போயின. “இதுல நெய் இருக்கும்மா” என்று பரிமாறியவர் ஒவ்வொரு முறையும் மரியாதையோடுதான் சொன்னார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கல்யாணச் சாப்பாட்டின் மேல் எனக்குப் பழைய வழக்குகள் உண்டு. இது அவற்றைவிடப் பெரிய குறை. இருக்கிற விருந்திலிருந்து கழித்துக் கழித்து மிஞ்சியதை ஒருவருக்குப் போடுவது விருந்தோம்பல் ஆகாது. வீகன் உணவுக்கென்று 2022-இல் நம் நாட்டில் தனி விதிமுறை வந்துவிட்டது, பொட்டலத்தில் போடப் பச்சை நிறத்தில் ஒரு முத்திரையும் உண்டு. உள்ளே என்ன இல்லை என்பதை அந்த முத்திரை சொல்லிவிடும். இலையில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சமைப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

அந்த யோசனை அப்படியொன்றும் கடினமில்லை. பால் பாயசத்துக்குப் பதில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பருப்புப் பாயசம் வைத்திருக்கலாம், முந்திரியை மட்டும் நெய்யில் வறுக்காமல் தேங்காய் எண்ணெயில் வறுத்தால் போதும். மோர்க்குழம்பில் தயிருக்கு இரண்டு வேலை: புளிப்பு, குழம்புக்கு ஒரு திடம். ஊறவைத்த துவரம்பருப்பையும் தேங்காயையும் சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்துக் கொதிக்கவிட்டால் திடம் வந்துவிடும். இறக்கி வைத்தபின் எலுமிச்சை பிழிந்தால் புளிப்பும் வந்துவிடும். தயிர் அந்தக் குழம்பில் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தால், அது இல்லாமலும் சமைக்கலாம்.

வீகன் சமையலில் நான் நம்புகிற விதி இது ஒன்றுதான். முட்டைக்கு மாற்று எது என்று கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பண்டத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். கட்லெட்டில் முட்டை ரொட்டித்தூளை ஒட்டவைக்கிறது, அதற்கு மைதாக் கரைசல் போதும். கேக்கில் மாவைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்தால் வருகிற வழவழப்பு அந்த வேலையைச் செய்யும். ஆம்லெட்டில் முட்டைதான் பண்டமே, அங்கே கடலைமாவு அடை நன்றாக இருக்கும், ஆனால் அது அடைதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு புத்தகம். ஹெரால்டு மக்கீ எழுதிய ‘ஆன் ஃபுட் அண்ட் குக்கிங்’. 1984-இல் முதலில் வந்தது, 2004-இல் ஏறக்குறைய முழுவதும் திருத்தி எழுதினார். சமையல் குறிப்புக்காக யாரும் அதைத் திறப்பதில்லை. அடுப்பின் மேல் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வதே அதன் வேலை. முட்டை நுரையைப் பற்றிய பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

முட்டை வெள்ளையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம். அடிக்க அடிக்கப் புரதம் சுருள் பிரிந்து, காற்றுக் குமிழைச் சுற்றி ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கிறது. அளவு மீறி அடித்தால் பிடி இறுகி, தண்ணீர் பிரிந்துவிடும். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செப்புக் கிண்ணத்தில்தான் முட்டை வெள்ளையை அடிப்பார்கள், அதில் நுரை கெட்டுப்போகாது. ஏன் என்று மக்கீ ஆராய்ந்து 1984-இல் ‘நேச்சர்’ இதழிலேயே எழுதினார். பிறகு வெள்ளிப் பூச்சுள்ள கிண்ணத்திலும் அடித்துப் பார்த்தார். அதிலும் நுரை நின்றது. தான் சொன்ன காரணம் போதாது என்று கண்டு, புதிய பதிப்பில் விளக்கத்தையே மாற்றினார். கொஞ்சம் புளிப்பு சேர்த்தாலும் அதே காவல் கிடைக்கும் என்கிறார். சமையலைப் பற்றி இத்தனை நேர்மையாக எழுதுகிறவரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அந்தப் புத்தகம் திருத்தி வந்து பத்தாண்டு கழித்துத்தான் நுரை விஷயத்தில் பெரிய செய்தி வந்தது. பயறு வகைகளை வேகவைத்த நீரை அடித்தால் நுரைக்கிறது என்று 2014-இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதினார். 2015-இல் கூஸ் வோல்ட் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியாளர், கொண்டைக்கடலை நீரும் சர்க்கரையும் மட்டுமே போதும், முட்டை நுரைபோல் கெட்டியாக வரும் என்று காட்டினார். அக்வாஃபாபா என்று பெயரும் வைத்தார். வேகும்போது கடலையிலிருந்து இறங்குகிற புரதமும் மாவுச்சத்தும் சபோனின் என்ற பொருளும் சேர்ந்து அந்த நுரையைப் பிடிக்கின்றன.

நுரை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி மூன்றே பொருளில் இவ்வளவு லேசான இனிப்பைச் செய்கிற கைகள் வேறெங்கே உண்டு! போர்த்துக்கீசியர் வழி வந்தது என்று ஊரில் சொல்வார்கள். வந்த வழி எதுவானாலும், முந்திரி போட்டுக் கூம்பாகப் பிழிந்து அதைத் தன்னுடையது ஆக்கிக்கொண்டது தூத்துக்குடி. கல்யாண வீட்டிலிருந்து திரும்பியதும் அந்த மக்ரூனை முட்டையில்லாமல் செய்வதில் இறங்கினேன்.

வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, புது நீரில் உப்பில்லாமல் வேகவைக்க வேண்டும். நீரை உடனே வடிக்காமல் கடலையோடு ஆறவிட்டால் வழவழப்பு கூடும். வடித்த பிறகும் நீர்த்து இருந்தால், முட்டை வெள்ளை அளவுக்குக் கெட்டிப்படும்வரை சுண்டவைத்துக் குளிரவைக்கலாம். அடிக்கிற பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், எண்ணெய்ப் பிசுக்கு துளியும் கூடாது. அரைக் கப் நீருக்குக் கால் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு பீட்டரால் அடித்து, நுரை எழும்பியதும் அரைக் கப்பும் கொஞ்சமுமாகப் பொடித்த சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் பொறுமை வேண்டும். முட்டையைப்போல அடித்துக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் இதில் இல்லை.

சிக்கல் முந்திரியில்தான். கொழுப்பு பட்டால் நுரை அடங்கிவிடும். முட்டைப் புரதம் சூட்டில் உறைந்து தன்னைத் தாங்கிக்கொள்ளும். கடலை நீரின் நுரை அப்படி உறையாது, ஈரம் காய்ந்து சர்க்கரை இறுகித்தான் நிற்க வேண்டும். அதனால் முந்திரியை எண்ணெய் கசியாமல் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டிக் கரகரப்பாகப் பொடித்து, கடைசியில் நாலைந்து புரட்டலில் கலந்து, உடனே பிழிந்துவிட வேண்டும். ஓவன் 100 டிகிரியில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். அணைத்தபின் உள்ளேயே ஆறட்டும். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுக்கும், ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள்.

வாயில் வைத்ததும் கரைந்தது. கடலை வாசனை துளியும் இல்லை. முட்டை வாசனை இல்லாததால் முந்திரி இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. உள்ளே இருக்க வேண்டிய லேசான சவ்வுப் பதம் மட்டும் குறைவு, தூத்துக்குடிக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வெந்த கடலை சுண்டலாயிற்று.

தூத்துக்குடி பேக்கரிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நுரையின் பதத்தைப் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுகிற கண் உங்களுடையது. கொண்டைக்கடலை நீரில் ஒரு தட்டு போட்டுப் பாருங்கள். நீங்கள் செய்தால், கழித்துக் கொடுத்த பண்டம் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். சரியாக வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.