பற்று, வரவு, அம்மாச்சி

'இளவேனில் வந்துவிட்டது. ஒரு நாவலாசிரியர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இயற்கை, குடும்பம், நன்றி, எழுத்து என்று யோசிக்கிற மாதிரி குளுகுளுவென்று ஒண்ணு எழுதுங்களேன்' என்றார் ஆசிரியர்.

நான் படித்தது பி.காம். நாவல் எழுதியதில்லை. வீட்டில் சாய்வு நாற்காலியும் இல்லை. குளுகுளுவுக்கோ வழியே இல்லை. பங்குனிக் கடைசியில் மதுரையிலிருந்து தேனிக்குப் பகல் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். உசிலம்பட்டி தாண்டினால் ஜன்னல் கம்பியில் தோசை வார்க்கலாம்.

ஆனால் தேனி தாண்டி, வீரபாண்டி தாண்டி, கம்பம் பள்ளத்தாக்குக்குள் பஸ் நுழைந்ததும் யாரோ சுவிட்சைத் தட்டின மாதிரி காற்று மாறும். தென்னை, வாழை, திராட்சைப் பந்தல், வாய்க்கால் ஓரமெல்லாம் வேப்பம்பூ. இரண்டு பக்கமும் மலை. சரி, வசந்தம் என்று ஒப்புக்கொண்டுவிடலாம்.

உத்தமபாளையம் பக்கத்தில் என் மாமா வீடு. பூஜை அலமாரியில் முருகன், மாரியம்மன், அவர்களுக்கு நடுவில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர். வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். பள்ளத்தாக்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கர்னல் பென்னிகுயிக்! 1887-ல் வேலையைத் தொடங்கி, 1895-ல் முல்லைப் பெரியாறு அணையை முடித்தவர். மேற்கே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார். இங்கே இரண்டு போகம் நெல் விளைவது அதனால்தான். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. பொங்கல் சமயத்திலேயே பிறந்து சௌகரியம் செய்து கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக்கூட அவர் பெயர் வைக்கிறார்கள். ஒரு என்ஜினீயருக்கு இத்தனை நன்றி காட்டிய ஊர் வேறெங்காவது இருக்கிறதா, தெரியவில்லை.

மாமா காலையில் ஊதுபத்தி காட்டும்போது அம்மாச்சி மாரியம்மன் வரைக்கும் கும்பிடும். வெள்ளைக்காரரிடம் வந்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டு நகர்ந்துவிடும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். இந்த முறைதான் கேட்டேன்.

"அவரு மகராசன்தான்யா. எனக்கு அவரு மேல கோவமில்ல. ஆனா, அணைன்னாலே எனக்கு வேற அணைதான் ஞாபகம் வருது" என்றது.

அம்மாச்சி பிறந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இல்லை. அது வைகை அணைக்கு அடியில் இருக்கிறது. 1959-ல் திறந்த அணை. அதற்காகக் காலி செய்த கிராமங்கள் 14. அம்மாச்சிக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது.

அந்தப் பதினான்கில் மெட்டூர் என்றொரு ஊர். அங்கிருந்து ஒரு குடும்பம் நாலு வயதுப் பையனோடு 1957-ல் வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. அந்தப் பையன் வளர்ந்து, சினிமாவுக்கு ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதி, அப்புறமும் மனசு ஆறாமல் ஒரு நாவல் எழுதினார். வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. விகடனில் தொடராக வந்து, 2003-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. பேயத்தேவர் என்ற ஒரு சம்சாரி, அவருடைய மானாவாரி மண், கடைசியில் ஏறி வரும் அணைத் தண்ணீர்.

அம்மாச்சிக்கு எழுத்து தெரியாது. பையில் இருந்த நாவலை எடுத்து, "வாசிக்கட்டுமா?" என்றேன். மூன்று நாள் தங்கப் போனவன் பத்து நாள் தங்கினேன். சாயங்காலம் திண்ணையில் நான் வாசிக்க, அது வெற்றிலையை மென்றுகொண்டே கேட்கும். நடுநடுவே, "அம்புட்டும் நெசம்" என்று சர்டிபிகேட் கொடுக்கும். சில இடத்தில், "எங்க ஊருல வேற மாதிரி" என்று திருத்தம் போடும். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடக் கறாரான விமர்சகர் கிடைக்கமாட்டார்.

தண்ணீர் ஏறுகிற இடம் வந்தது. "போதும், நிறுத்து" என்றது.

கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே பேசியது. "கதவு, நிலை, உத்தரம் எல்லாத்தையும் பேத்து வண்டியில ஏத்தினோம்யா. அடுப்பை மட்டும் பேக்க முடியல. மண்ணடுப்பு, பேத்தா உதிர்ந்துபோகும். கெளம்புற அன்னிக்கு விடியக்காலையில எங்கம்மா அந்த அடுப்பைச் சாணி போட்டு மெழுகி, கோலமும் போட்டுட்டுத்தான் வண்டியேறுச்சு. தண்ணிக்குள்ள போகப் போற அடுப்புக்கு எதுக்கும்மா கோலம்னு கேட்டேன். 'சோறு போட்ட அடுப்புடி'ன்னுச்சு."

நான் ஒன்றும் பேசவில்லை. என்ன பேச?

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுத்த பாலபாடம் ஒன்று உண்டு. பெறுபவர் பற்று, தருபவர் வரவு. ஒருத்தர் வாங்கினால் இன்னொருத்தர் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எழுதினால்தான் கணக்கு. நம் நன்றிக் கணக்கில் பெறுபவர் பக்கம் நிறையப் பேர் இருக்கிறோம். தருபவர் பக்கத்தில் கட்டியவர் பெயர் இருக்கிறது, திறந்து வைத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. இடத்தைக் காலி செய்து கொடுத்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. வைகை அணைப் பூங்காவுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! ஊஞ்சல் ஆடியிருக்கிறேன், பொரித்த மீன் தின்றிருக்கிறேன். கீழே கோலம் போட்ட ஓர் அடுப்பு இருப்பது தெரியாது.

இதில் இன்னொரு விஷயம். நான் குடியிருப்பது மதுரையில். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது வைகை அணைத் தண்ணீர். அதாவது, முப்பது வருஷமாக அம்மாச்சி வீட்டு மேல் நிற்கிற தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன். பெறுபவர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது.

நாவல் எதற்கு என்று என்னிடம் கேட்டால் இனிமேல் இதைத்தான் சொல்வேன். கணக்குப்பிள்ளை விட்டுவிட்ட வரியை நாவலாசிரியன் எழுதுகிறான். சும்மா ஒன்றுமில்லை, அவனும் அதே தண்ணீரால் வெளியேறியவன்.

மறுநாள் அம்மாச்சியே, "மிச்சத்தையும் வாசி" என்றது. கடைசிப் பக்கம் சித்திரை ஒன்றாம் தேதி முடிந்தது. வேப்பம்பூ ரசத்தோடு சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்த அம்மாச்சி, புத்தகத்தை வாங்கி முந்தானையில் துடைத்து, "இதையும் அந்தத் தொரை பக்கத்துல வையி" என்றது.

மாமாவுக்குச் சங்கடம். அலமாரியில் ஏற்கெனவே இடமில்லை. முருகனைக் கொஞ்சம் நகர்த்தினார். வைத்துவிட்டு, "ஏம்மா, அப்ப நாளையிலேர்ந்து புஸ்தகத்துக்கும் பத்தி காட்டணுமா?" என்றார்.

"பத்தி எதுக்குடா? உம் பேத்திக்குப் படிச்சுக் காட்டு, போதும்."