பதிலிக்கு எவ்வளவு கண்டிப்பு வேண்டும்?

சிறுசேரியிலும், செங்கற்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் அடுக்கடுக்காய் எழுந்து நிற்கும் கட்டடங்களுக்குள் நாள்தோறும் எழுதப்படும் மென்பொருள் உலகத்தின் வங்கிகளையும் மருத்துவமனைகளையும் கடைகளையும் நடத்திக்கொண்டிருக்க, அந்த மென்பொருள் எவ்வாறு பரீட்சிக்கப்படுகிறது என்ற கேள்வி மட்டும் அதை எழுதுகிறவர்களின் அந்தரங்க விவகாரமாகவே கருதப்பட்டு வருவது நியாயமன்று. அக்கேள்வியின் ஒரு சிறு கூறு, அதாவது சோதனையின்போது நிஜப் பொருளுக்குப் பதிலாக நிறுத்தப்படும் போலிப் பொருள் எவ்வளவு கண்டிப்பாக நடந்துகொள்ள வேண்டும் என்பது, பொதுஜனங்களின் பணத்தையும் சில சமயங்களில் உயிரையும் தொடுகிற விஷயம் என்பதும், அதை நிர்ணயிக்கும் பொறுப்பைச் சோதனைக் கருவியின் வழக்கமான ஏற்பாட்டிடமே விட்டுவிடுவது தவறு என்பதும் என் அபிப்பிராயம்.

விஷயம் தெளிவாகும் பொருட்டு, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காண வருகிறவர்கள் கைப்பேசியிலேயே நுழைவுச்சீட்டு வாங்க உதவும் ஒரு மென்பொருளைக் கற்பனை செய்துகொள்வோம். அது கட்டணத்தைக் கணக்கிட வேண்டும். வங்கியிடம் பணத்தைக் கேட்டுப் பெற வேண்டும். பணம் வந்த பிறகு சீட்டை அனுப்ப வேண்டும். நடந்ததையெல்லாம் ஒரு பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். இதன் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனித்தனியே பிரித்துச் சோதிப்பதற்கு யூனிட் டெஸ்ட் என்று பெயர். நாளொன்றுக்குப் பல தடவை ஓட்டப்படும் அச்சோதனைக்காக அத்தனை தடவையும் உண்மையான வங்கியிடம் போய்ப் பணம் கேட்பது சாத்தியமன்று ஆகையால், வங்கியின் ஸ்தானத்தில், இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட ஒரு பதிலி நிறுத்தப்படுகிறது. டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையின் மூலம் மாக் ஆப்ஜெக்ட் என்ற பெயரில் பிரபலமான இப்பதிலி, இன்று அநேகமாக எல்லாக் கணினி மொழிகளிலும் புழக்கத்தில் இருக்கிறது.

சொல்லிவைக்கப்பட்ட கேள்விக்குப் பதிலி சரியாக விடை கூறுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சொல்லிவைக்காத ஒன்றை அதனிடம் கேட்டால் அது என்ன செய்ய வேண்டும் என்பதே விவாதத்தின் மையம். தளர்ந்த பதிலி, அத்தகைய கேள்வி வந்தால் பூஜ்யத்தையோ வெறுமையையோ விடையாகக் கொடுத்துவிட்டு, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் போல எல்லாவற்றுக்கும் சம்மதம் தெரிவித்துக்கொண்டே இருக்கும். வங்கியிடம் ஒருமுறை கேட்க வேண்டிய பணத்தை மென்பொருள் இருமுறை கேட்டாலும் அது ஆட்சேபிப்பதில்லை. பைத்தான் மொழியின் பதிலியிடம் இந்தச் சுபாவம் விபரீதமான எல்லைக்கே போயிருந்தது. சோதிக்கிறவர் சரிபார்ப்பதற்காக எழுதும் கட்டளையிலேயே எழுத்துப்பிழை செய்துவிட்டால், அந்தப் பிழையான பெயரையும் தனக்குரிய ஒரு செயல் என்று ஏற்றுக்கொண்டு பதிலி மௌனமாயிருக்க, சரிபார்ப்பு நடவாமலே சோதனை தேறிவிட்டதாகத் திரை பச்சை நிறம் காட்டும். 2015இல் வெளிவந்த 3.5ஆம் பதிப்பிலேதான், அசர்ட் என்று தொடங்கும் அறியாப் பெயர்களைக் கண்டால் ஆட்சேபிக்கும்படி அது திருத்தப்பட்டது.

இதற்கு நேர்மாறானது கண்டிப்பான பதிலி. பட்டியலில் இல்லாத ஒரு கேள்வி வந்த மாத்திரத்தில் அது சோதனையைத் தோற்கடித்துவிடும். இன்னும் கண்டிப்பானதாயின், பட்டியலில் உள்ள கேள்விகளேயானாலும் வரிசை மாறி வந்தால் பொறுக்காது. பாதுகாப்பு என்ற முறையில் இது மேலானதாகவே முதலில் தோன்றும். ஆனால், மென்பொருளை எழுதுகிறவர் அதன் வெளிப்பயனில் ஓர் அணுவும் மாறாதபடி உட்புறத்தை மட்டும் சீர்திருத்தி, பதிவேட்டில் ஒரு குறிப்பைக் கூடுதலாக எழுதினாலும்கூட, பிழை ஒன்றும் இல்லாத இடத்தில் பல சோதனைகள் ஒருங்கே தோற்றுப்போகும். பொய்யான அபாயக் குரலை அடிக்கடி கேட்கிறவன் மெய்யான குரலையும் பொருட்படுத்தாமற் போவது மனித இயல்பு ஆகையால், சிறிது காலத்தில், சோதனையைக் கொண்டு நிரலைத் திருத்துவதை விட்டு நிரலுக்கு ஏற்றபடி சோதனையைத் திருத்திவிடும் வழக்கம் அலுவலகத்தில் வேரூன்றிவிடுகிறது. அளவு மீறிய கண்டிப்பு இவ்வாறு தளர்ச்சி கொண்டுசேர்க்கும் இடத்துக்கே நம்மைக் கொண்டுசேர்க்கிறது.

கருவிகளை இயற்றியவர்கள் இச்சங்கடத்தை அறியாதவர்கள் அல்லர். ஜாவா மொழியின் ஈஸிமாக், எதையும் பொறுக்கும் பதிலி, அறியாத கேள்வியை மறுக்கும் பதிலி, வரிசையையும் வற்புறுத்தும் பதிலி என்று மூன்று படிகளை வைத்திருக்கிறது. கூகுளின் ஜிமாக்கிலும் மூன்று படிகள் உண்டு. அதில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கிடைப்பது, எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டுச் சோதனையைத் தொடரவிடும் நடுப்படி. டாட்நெட் உலகத்தின் மாக்யூ, கண்டிப்பைக் கேட்டு வாங்கினாலன்றித் தளர்ந்தே நிற்கும். மொகிட்டோ என்ற கருவியோ தளர்ந்த நிலையில் பிறந்து, பிற்காலத்தில், சொல்லிவைத்தும் யாரும் கேளாத விடைகளைச் சுட்டிக்காட்டும் கண்டிப்பை மேற்கொண்டதோடு, அக்கண்டிப்பிலிருந்து ஒரு குறிப்பிட்ட விடைக்கு மட்டும் விலக்களிக்கும் வழியையும் ஏற்படுத்திக்கொண்டது. ஒரே கேள்விக்கு நான்கு கருவிகள் நான்கு விதமாக விடை சொல்லும்போது, கருவி எப்படி வந்ததோ அப்படியே அதை உபயோகிக்கிறவர் தாம் செய்ய வேண்டிய தீர்மானத்தை முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் தீர்மானிப்பதற்கு நியதி ஒன்று உண்டா? உண்டு, அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள கல்பாக்கத்தில், 1971இல் தொடங்கப்பட்டு இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று வழங்கும் நிறுவனம் வடிவமைத்த 500 மெகாவாட் அதிவேக ஈனுலையில், வெப்பத்தைக் கடத்துவதற்கு உருகிய சோடியம் பயன்படுகிறது. சோடியமோ காற்றோடும் நீரோடும் மூர்க்கமாக வினைபுரிவது, ஒளி ஊடுருவாதது, ஆகவே அது உலையினுள் எவ்வாறு சுழன்று பாய்கிறது என்பதைக் கண்ணால் கண்டு ஆராய்வது அரிது. இக்காரணத்தால் விஞ்ஞானிகள், உலையின் முதன்மைச் சுற்றை நான்கில் ஒரு பங்கு அளவில் மாதிரியாக அமைத்து, அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சாதாரண நீரைப் பாயவிட்டுச் சோதித்தார்கள். சோடியத்தோடு சேர்ந்தாலே விபத்தை விளைவிக்கும் நீரே இங்கே சோடியத்தின் பதிலியாக நிற்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் அடர்த்தியிலும் பாகுத்தன்மையிலும் இரண்டும் வெகுவாக நெருங்கியிருப்பதால், ஓட்டத்தைப் பற்றிய கேள்விகளுக்கு நீர் நம்பத் தகுந்த விடையைத் தருகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் சோடியம் நீரைக் காட்டிலும் ஏறக்குறைய 100 மடங்கு வல்லது. ஆகவே அந்தக் கேள்விக்கு நீரிடம் விடை தேடுவது பேதைமை.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் மிக நுட்பமானது. ஓட்டங்களின் ஒப்புமையை அளப்பதற்கு ரெனால்ட்ஸ் எண், ஃப்ரூட் எண், ரிச்சர்ட்ஸன் எண் என்று பல அளவுகோல்கள் உண்டு. அளவில் சிறிய மாதிரி ஒன்றில், பாகுத்தன்மையில் நெருங்கிய திரவத்தைக் கொண்டு, ரெனால்ட்ஸ் எண்ணையும் ஃப்ரூட் எண்ணையும் ஒருசேர நிஜத்துக்குச் சமமாக்க இயலாது என்பது பௌதிக விதி. எனவே மேற்பரப்பில் உள்ள வாயு திரவத்தினுள் இழுக்கப்படுமா என்று ஆராயும்போது ஃப்ரூட் எண்ணில் கண்டிப்பாயிருக்கிறார்கள். வெப்பமும் குளிர்ச்சியும் அடுக்கடுக்காய்ப் பிரிந்து நிற்குமா என்று ஆராயும்போது ரிச்சர்ட்ஸன் எண்ணில் கண்டிப்பாயிருக்கிறார்கள். மற்றதை, எதைத் தளர்த்தினோம் என்று அறிந்தே தளர்த்துகிறார்கள். கேட்கும் கேள்வி எதுவோ அதில் கண்டிப்பு, கேட்காததில் தளர்ச்சி என்பதே அவர்களுடைய முறை. அதோடும் அவர்கள் நின்றுவிடவில்லை. பெரிய உறுப்புகளை உண்மையான சோடியத்திலேயே இட்டுச் சோதிக்கும் கூடங்களையும் அதே வளாகத்தில் அமைத்திருக்கிறார்கள்.

இக்கடைசிப் படியை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகமறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1996 ஜூன் 4ஆம் தேதி பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து புறப்பட்ட ஏரியன் 5 ராக்கெட், பிரதான இயந்திரம் பற்றவைக்கப்பட்டு ஏறத்தாழ 37 விநாடிகளில் நிலைகுலைந்து, சிறிது நேரத்தில் சிதறி அழிந்தது. ஏரியன் 4இலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட திசையறி கருவியின் மென்பொருள், 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடைக்க முயன்று தோற்றதே காரணம். ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு மற்றோர் உண்மையையும் எடுத்துக்காட்டியது: முழு அமைப்பையும் தரையில் சோதித்தபோது, பெரும்பாலான சோதனைகளில் அந்தத் திசையறி கருவி இருக்கவேயில்லை, அதன் இடத்தில் அதைப் போல நடிக்கும் மென்பொருள் வைக்கப்பட்டிருந்தது. இது யூனிட் டெஸ்ட் அன்று, பெரிய அளவிலான சோதனை என்பது மெய்தான். ஆயினும் தத்துவம் ஒன்றே. நடித்த மென்பொருளுக்கு நிஜக் கருவியின் பலவீனம் தெரியாது. ஆகவே அது எவ்வளவு கண்டிப்பாக இருந்திருந்தாலும் அந்தப் பிழையைக் காட்டியிராது. பதிலி என்பது, அதை எழுதியவர் நிஜத்தைப் பற்றி என்ன நம்பினாரோ அதைத் திரும்பச் சொல்லுமே தவிர, நிஜத்தைச் சொல்லாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் சுனாமியால் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுஸில் கடல்நீர் புகுந்ததும், ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பத்திரமாக நிறுத்தப்பட்டதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நிஜ உலகம் நாம் எழுதிவைத்த பட்டியலைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

இனி, நுழைவுச்சீட்டு மென்பொருளுக்கு இந்நியதியைப் பொருத்திப் பார்ப்போம். வங்கியிடம் பணம் ஒரே ஒருமுறைதான் கேட்கப்பட வேண்டும், அதுவும் சரியான தொகையாக இருக்க வேண்டும் என்பதில் பதிலி இம்மியும் தளரக் கூடாது. பணம் வருவதற்கு முன் சீட்டுப் போய்விடக் கூடாது ஆகையால், இவ்விரண்டின் வரிசையிலும் கண்டிப்பு அவசியம். பதிவேட்டில் எத்தனை குறிப்புகள், எந்த வரிசையில் எழுதப்படுகின்றன என்பதில் கண்டிப்பு காட்டுவது வீண்; அங்கே தளர்ச்சியே விவேகம். கட்டணத்தைக் கணக்கிடும் பகுதியோ விரைவாகவும் தீங்கின்றியும் ஓடக்கூடியது. அதற்குப் பதிலியே வேண்டாம், நிஜத்தையே உபயோகிக்கலாம். பதிலிகள் குறையக் குறையக் கண்டிப்பைப் பற்றிய வழக்கும் குறையும் என்பது பலருக்கு மறந்துபோகிறது. இவ்வளவுக்கும் மேலாக, பதிலியிடம் கேட்ட அதே கேள்விகளை, வங்கி அளிக்கும் சோதனைத் தளத்தில் குறித்த கால இடைவெளிகளில் கேட்டு, பதிலியின் விடையும் வங்கியின் விடையும் இன்னும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவர வேண்டும்.

வழக்கமான ஏற்பாடாக எதை வைத்துக்கொள்வது என்று கேட்பவர்களுக்கு என் விடை, கண்டிப்பை என்பதே. கண்டிப்பு தவறான இடத்தில் இருந்தால் சோதனை தோற்று, யாராவது ஒருவர் வந்து பார்ப்பார். தளர்ச்சி தவறான இடத்தில் இருந்தால் எதுவும் தோற்காது, ஆகவே ஒருவரும் பார்க்க மாட்டார்கள். தளர்த்த வேண்டிய இடத்தில், தளர்த்தியதற்கான காரணத்தை ஒரே வரியில் அந்த இடத்திலேயே எழுதிவைத்துவிட்டுத் தளர்த்தலாம். இதற்கெல்லாம் அவகாசம் ஏது, வாடிக்கையாளர் தவணைக்குள் கேட்கிறாரே என்று சொல்லுகிறவர்களின் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிலியைப் பற்றியும் இதில் எந்தப் பிழை பொறுக்கத்தகாதது என்று யோசிப்பதற்குச் சில நிமிஷங்களே பிடிக்கும்; இரட்டிப்பாக எடுக்கப்பட்ட பணத்தை ஆயிரம் பேருக்குத் திருப்பித் தருவதற்கு அதைவிட எத்தனையோ மடங்கு காலம் பிடிக்கும்.

மென்பொருளை விலைகொடுத்து வாங்கும் அரசு இலாகாக்களுக்கும் வங்கிகளுக்கும் இவ்விஷயத்தில் ஒரு கடமை உண்டு. எத்தனை சோதனைகள் எழுதப்பட்டன, நிரலில் நூற்றுக்கு எத்தனை பங்கு சோதிக்கப்பட்டது என்ற எண்களை மட்டும் கேட்டு வாங்கித் திருப்தியடைவதால், தலையாட்டும் பதிலிகளைக் கொண்டு அந்த எண்களை எட்டிவிடும்படி அவர்களே தூண்டியவர்களாகிறார்கள். ஒப்பந்தத்தில் இனி இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளட்டும்: எந்தெந்த இடங்களில் நிஜத்துக்குப் பதிலாகப் பதிலி நின்றது? அந்தப் பதிலி கடைசியாக எப்போது நிஜத்தோடு ஒப்பிடப்பட்டது? இவற்றுக்கு எழுத்தில் விடை தர இயலாத மென்பொருளை ஏற்றுக்கொள்ளாதிருப்பதே பொதுஜனங்களின் பணத்தைக் கையாளுகிறவர்களுக்கு உரிய ஜாக்கிரதை.